உபகாரச் சம்பளமும் சொந்தச் சேமிப்பும்

உடலில் வலுவுள்ளவரையில் உழைத்து உண்பது மனிதருக்கு இயல்பு. வலுக் குறைந்த பின்னர் எதைக் கொண்டு காலங் கழிப்பது என்னும் கேள்வி சர்க்கார் உத்தியோகஸ்தருக்கும், ஏர் பிடிக்கும் குடியானவருக்கும், தறியில் அமரும் நெசவாளருக்கும் ஒன்றேபோல் உரியது. ஆனால் விடை மூவருக்கும் ஒன்றாக இல்லை. உத்தியோகஸ்தருக்கு உபகாரச் சம்பளம் எனப்படும் பென்ஷன் உண்டு. குடியானவருக்கு நிலம் உண்டு. நெசவாளருக்கோ கைத்திறன் ஒன்றே உண்டு. அதுவும் கண் மங்கியவுடன் நின்றுவிடும். இம்மூவகையினரும் அருகருகே வாழும் காஞ்சிபுரம் வட்டாரத்தை முன்வைத்து இக்கேள்வியை ஆராய்வது பொருத்தமாகும்.

கிராமங்களில் இதுபற்றி இருவகை அபிப்பிராயங்கள் வழங்குகின்றன. ஒரு சாரார் கூறுவது யாதெனில்: உத்தியோகஸ்தர் முப்பது ஆண்டு வேலை பார்த்தால் அவருக்கு ஆயுள் முடியும்வரை பணம் வருகிறது; ஐம்பது ஆண்டு நெல் விளைவித்து ஊருக்குச் சோறு போட்ட குடியானவருக்கு அதுபோல் ஏன் வரலாகாது? விளைபொருளுக்கு விலை வைப்பவர் வேறொருவர். மழை பொய்ப்பதும் வெள்ளம் வருவதும் அவர் கையில் இல்லை. மிச்சம் பிடிக்க வழியே இல்லாதவரைச் சேமிக்கச் சொல்வது நியாயமன்று. ஆகையால் முதுமையின் பொறுப்பை சர்க்காரே ஏற்க வேண்டும் என்பது இவர்கள் வாதம்.

மற்றொரு சாரார், பிறர் கையை எதிர்பார்ப்பது குடியானவரின் மானத்துக்குப் பொருந்தாது என்பர். செட்டாக வாழ்ந்து, வருவாயில் ஒரு பங்கை ஒதுக்கி, நிலத்தையும் மரத்தையும் பேணி வந்தால் எவரிடமும் போய் நிற்க வேண்டுவதில்லை என்பதும், இலவசமாகப் பணம் வரும் என்னும் நம்பிக்கை ஏற்பட்டால் சேமிக்கும் பழக்கமே அற்றுவிடும் என்பதும் இவர்கள் கொள்கை.

இரண்டிலும் உண்மை உண்டு. முதலில் சர்க்கார் உதவியின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம்.

தொழிலாளரின் முதுமைக்கு ராஜாங்கமே ஏற்பாடு செய்வது உலகில் மிகப் பழைய வழக்கமன்று. ஜெர்மனியில் 1889-இல் பிஸ்மார்க் முதன்மை மந்திரியாக இருந்தபோது அதற்குச் சட்டம் செய்தனர். அங்கே தொழிலாளியும் முதலாளியும் தவணைப் பணம் செலுத்த, ராஜாங்கம் தன் பங்கைச் சேர்த்தது. இங்கிலாந்தில் 1908-ஆம் வருஷத்துச் சட்டப்படி, 70 வயது கடந்த ஏழைகளுக்கு 1909 ஜனவரி முதல் வாரம் 5 ஷில்லிங் வரை வரிப்பணத்திலிருந்தே கொடுக்கப்பட்டது. முன்னது சேர்த்து வைத்துப் பெறும் முறை. பின்னது இல்லாதவருக்கு ஈயும் முறை. இன்றளவும் எந்தத் தேசத்தின் திட்டமும் இவ்விரண்டில் ஒன்றாகவோ, இரண்டின் கலப்பாகவோதான் இருக்கிறது.

நம் ராஜ்யத்தில் ஆதரவற்ற முதியோருக்கு உதவித்தொகை 1962-இல் ஏற்பட்டது. அப்போது மாதம் 20 ரூபாய். மத்திய சர்க்கார் 1995 ஆகஸ்டு 15 முதல் தேசிய சமூக உதவித் திட்டத்தை நடத்தத் தொடங்கியது. தமிழ்நாட்டில் இத்தொகை 2011-இல் 1,000 ரூபாயாகவும் 2023-இல் 1,200 ரூபாயாகவும் உயர்ந்தது. உழவர் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ், நஞ்சை இரண்டரை ஏக்கர் அல்லது புஞ்சை ஐந்து ஏக்கருக்கு உட்பட்ட சிறு குடியானவரின் முதுமைக்கும் உதவி வைக்கப்பட்டது. இவையெல்லாம் ஈயும் முறையைச் சேர்ந்தவை. சேர்த்துப் பெறும் முறையில், 2019 செப்டம்பரில் மத்திய சர்க்கார் குடியானவர்களுக்கென ஒரு பென்ஷன் திட்டத்தைத் தொடங்கியது. 2 ஹெக்டேர் வரை நிலமுள்ள, 18 முதல் 40 வயதுக்குட்பட்டவர் அதில் சேரலாம் என்றும், சேரும் வயதுக்குத் தக்கபடி மாதம் 55 ரூபாய் முதல் 200 ரூபாய் வரை செலுத்த வேண்டும் என்றும், அதே அளவு தொகையை சர்க்காரும் செலுத்தி, 60 வயதுக்குப் பின் மாதம் 3,000 ரூபாய் வழங்கப்படும் என்றும், பென்ஷன் பெறுபவர் காலமானால் அவருடைய மனைவிக்கு அல்லது கணவருக்குப் பாதித்தொகை உண்டு என்றும் விதிகள் ஏற்பட்டன.

இதனால் வரும் நன்மையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 40 வயதில் சேர்பவர் 20 ஆண்டுகளில் தம் கையிலிருந்து செலுத்துவது 48,000 ரூபாய். 60 வயதுக்குப் பின் ஆண்டொன்றுக்கு அவருக்கு வருவது 36,000 ரூபாய். ஆகவே, ஒன்றரை ஆண்டுக்குள் போட்ட பணம் திரும்பிவிடுகிறது. இத்தகைய உதவியை மானக்குறைவென்று ஒதுக்குவது அறிவுடைமையாகாது. குடியானவர் செலுத்தும் வரியும் சேர்ந்தே சர்க்காரின் பணமாகிறது. ஏரித் தண்ணீரைப் பாய்ச்சிக்கொள்வதில் எவரும் வெட்கம் கொள்வதில்லை, இதுவும் அத்தகையதே.

ஆயினும் ஏரித் தண்ணீரை மட்டும் நம்பிப் பயிர் வைத்தவர் படும் பாடு தென்னேரி, உத்திரமேரூர்ப் பக்கத்தாருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. சர்க்கார் உதவியை மட்டும் நம்பியிருப்பதிலும் மூன்று குறைகள் உள்ளன.

முதற்குறை விலைவாசியைப் பற்றியது. இன்று 30 வயதுள்ள ஒருவருக்கு 60 வயதில் 3,000 ரூபாய் வரும் என்றால், அந்த 3,000 ரூபாய்க்கு அன்று எவ்வளவு அரிசி கிடைக்கும் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. விலைவாசி ஆண்டுதோறும் நூற்றுக்கு 5 வீதம் உயர்வதாகக் கொண்டால், முப்பது ஆண்டுகளுக்குப் பின் வரும் 3,000 ரூபாய் இன்றைய 700 ரூபாய்க்கே ஏறக்குறைய ஈடாகும். பழைய முறையில் பென்ஷன் பெறும் உத்தியோகஸ்தருக்கும் குடியானவருக்கும் உள்ள பெரிய வேற்றுமை இங்கேதான் இருக்கிறது. உத்தியோகஸ்தரின் பென்ஷனோடு அகவிலைப்படி சேர்ந்து, விலை ஏற ஏறத் தானும் ஏறிச் செல்கிறது. குடியானவருக்குக் குறித்த தொகையோ, சர்க்கார் புதிதாக உத்தரவு செய்தாலன்றி, குறித்தபடியே நிற்கும்.

இரண்டாவது குறை, விதிகள் மாறக்கூடியவை என்பது. இதை கிராம உத்தியோகஸ்தர் குடும்பத்தினர் நன்கு அறிவர். தலைமுறை தலைமுறையாகக் கர்ணமும் மணியமும் பார்த்துவந்த குடும்பங்கள் அப்பதவிகள் என்றும் நிலைக்கும் என்று எண்ணியிருந்தன. 1980 நவம்பரில் பிறந்த அவசரச் சட்டத்தால் பகுதிநேர கிராம உத்தியோகப் பதவிகள் ஒழிக்கப்பட்டன. 1982-இல் சுப்ரீம் கோர்ட்டும் அது செல்லும் எனத் தீர்ப்பளித்தது. அச்சட்டத்தின் நியாய அநியாயம் வேறு விஷயம். அன்று பதவி ஒன்றையே நம்பியிருந்த குடும்பம் ஒரே நாளில் ஆதாரமிழந்து நின்றிருக்கும் என்பதும், பதவியோடு நிலத்தையும் பேணிய குடும்பத்துக்கு அந்த அடி அவ்வளவு பலமாக விழுந்திராது என்பதும் எளிதில் விளங்கும். மாநில சர்க்கார் ஊழியருக்கும் 2003 ஏப்ரல் 1 முதல் பழைய பென்ஷன் முறை மாற்றப்பட்டது. அத்தேதிக்குப் பின் வேலையில் சேர்ந்தவரின் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு பிடிக்கப்பட, அதற்குச் சமமாக சர்க்காரும் செலுத்தும் பங்களிப்பு ஏற்பாடு வந்தது. பழைய முறை வேண்டும் என்று ஊழியர் சங்கங்கள் பல ஆண்டுகள் போராடின. உத்தியோகஸ்தருக்கே இப்படியென்றால், மற்றையோர் மாறாத விதியை எதிர்பார்ப்பதெங்ஙனம்?

மூன்றாவது குறை வயது வரம்பு. 2019-ஆம் வருஷத்துத் திட்டம் 40 வயதோடு கதவை அடைத்துவிட்டது. ஆகவே, இன்று ஐம்பது வயதாகி மூட்டு வலியோடு வயலுக்குப் போய்வரும் குடியானவருக்கு அதனால் யாதொரு பலனும் இல்லை. இத்தகையோர் தம் ஏற்பாட்டைத் தாமே செய்துகொள்ள வேண்டியவராகின்றனர். திட்டங்களை வகுப்போரும் இக்குறையைக் கருத்திற் கொள்ளுதல் நலம்.

இனி, சொந்தச் சேமிப்பே போதும் என்போரின் வாதத்தில் உள்ள குறையையும் சொல்ல வேண்டும். ஆதரவற்ற விதவை, நிலமற்ற கூலியாள், நோயாற் படுத்தவர் ஆகியோரிடம் போய்ச் செட்டாக வாழுங்கள் என்று உபதேசிப்பது வீண். காஞ்சிபுரத்துப் பட்டுத்தறியைப் பார்த்தவர் இதை அறிவர். நாடெங்குமிருந்து கல்யாணக் கூறைப்பட்டு எடுக்க அவ்வூர்க் கடைத்தெருவுக்குக் குடும்பங்கள் வருகின்றன. அச்சேலையை நாள்கணக்கில் தறிக்குழியில் அமர்ந்து நெய்தவரின் கூலியோ, நெய்த சேலைக்குத் தக்கபடி கிடைப்பது. தறி ஓடாத நாளில் கூலியும் இல்லை. வயது முதிர்ந்தபின் இழை கண்ணுக்குத் தெரியாமற் போனால் அவருக்குக் குத்தகைக்கு விட நிலமுமில்லை. இத்தகையோருக்கு மாதாந்திர உதவி வரவில்லையென்றால் அடுப்பு எரியாது. ஆகவே ஈயும் முறை அவசியம். அது இல்லாதவருக்கு முதலில் போய்ச் சேரவேண்டும் என்பதே நியாயம்.

ஆனால் அதே நெசவாளரிடமிருந்து நிலமுள்ளோர் கற்றுக்கொள்ள வேண்டிய பாடமும் ஒன்றுண்டு. கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களில் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டம் என்று ஒன்று நடைபெற்று வருகிறது. அதன்படி, நெசவாளர் பெறும் கூலியில் ரூபாய்க்கு 8 பைசா வீதம் சங்கத்திலேயே பிடிக்கப்பட்டு அவர் கணக்கில் வைக்கப்படுகிறது. சர்க்கார் ரூபாய்க்கு 4 பைசா வீதம் அதனோடு சேர்க்கிறது. இதில் கவனிக்கத்தக்க அம்சங்கள் இரண்டு. கூலி கைக்கு வருமுன்பே சேமிப்புக்கான பங்கு எடுக்கப்படுகிறது. ஆகையால் மறதிக்கும் மன மாறுதலுக்கும் இடமில்லை. மேலும், பிடிக்கப்படுவது இவ்வளவு ரூபாய் என்னும் குறித்த தொகையன்று, வருவாயில் இத்தனையில் ஒரு பங்கு என்னும் வீதம். கூலி உயர்ந்தால் சேமிப்பும் உயரும்; வேலை குறைந்த மாதத்தில் சுமையும் குறையும். விலைவாசி ஏற்றத்துக்குச் சேமிப்பு முற்றிலும் பலியாகாமல் காப்பதற்கு இந்த வீத முறை பெரிதும் உதவுகிறது.

இது குடியானவருக்குப் புதிதன்று. அறுவடையானதும் விதைநெல்லை முதலில் எடுத்துக் கோட்டை கட்டி வைத்த பின்னரே மிச்சத்தை உண்பதும் விற்பதும் நம் முன்னோர் வழக்கம். தின்றது போக மிஞ்சினால் விதைக்கு வைப்போம் என்று எந்தக் குடியானவரும் சொன்னதில்லை. அப்படிச் சொன்னால் மறுபருவத்துக்கு விதை இராது. ஆனால் முதுமைக்கான பணத்தை மட்டும் செலவு போக மிஞ்சினால் வைப்போம் என்கிறோம். அது மிஞ்சுவதே இல்லை. முதுமையும் வரப்போகும் ஒரு பருவமே. அதற்கும் விதைநெல் முதலிலேயே எடுக்கப்பட வேண்டும்.

ஓர் உதாரணம் காண்போம். ஓர் ஏக்கரில் ஒரு பருவத்துக்கு 40 கிலோ மூட்டை 60 விளைந்து விற்கிறது என்று கொள்வோம். இருபதில் ஒரு பங்கு 3 மூட்டை, அதாவது 120 கிலோ. குவிண்டால் 2,500 ரூபாயானால் அதன் கிரயம் 3,000 ரூபாய். ஆண்டுக்கு இருபோகம் எனில் 6,000 ரூபாய். இதை நூற்றுக்கு 7 வீதம் ஆண்டு வட்டி வரும் இடத்தில், வட்டியையும் எடுக்காமல் போட்டு வந்தால், 30 வயதில் தொடங்கியவருக்கு 60 வயதில் ஏறக்குறைய 5 லட்சத்து 67 ஆயிரம் ரூபாய் சேரும். 45 வயதில் தொடங்கியவருக்குச் சேர்வதோ சுமார் 1 லட்சத்து 51 ஆயிரம் ரூபாய்தான். காலம் பாதியானால் பணமும் பாதியாகும் என்று எண்ணுகிறோம். கணக்கில் அது கால் பங்குக்குச் சற்று மேல் மட்டுமே ஆகிறது. நெல் விலை உயரும்போது அந்த மூன்று மூட்டையின் கிரயமும் உயருமாதலால், உண்மையில் சேர்வது இதனினும் அதிகமாகவே இருக்கும். கொள்முதல் நிலையத்திலிருந்து கிரயம் பாங்குக் கணக்கில் வந்து விழுந்த அன்றே அப்பங்கை அஞ்சலகத்துக்கோ வேறு வைப்புக் கணக்குக்கோ மாற்றிவிட வேண்டும். மறுநாள் என்றால் அது உரக்கடைப் பாக்கிக்குப் போய்விடும்.

முதலைத் தொடாமல் அதன் பயனை மட்டும் உண்ணும் ஒழுங்கைக் கோயில் கல்வெட்டுகளிலும் காணலாம். சோழர் காலத்தில் கோயிலில் நந்தாவிளக்கு எரிக்க விரும்பியவர் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகளை விட்டனர். அவற்றுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். ஆடுகள் சாகாமலும் கிழடாகாமலும் இருந்தன என்பது பொருளன்று. செத்ததற்கும் கிழடானதற்கும் ஈடாகக் குட்டிகளைச் சேர்த்து எண்ணிக்கை குறையாமல் இடையர் காத்து, நாள்தோறும் நெய் அளந்தனர் என்பதே பொருள். மந்தையை விற்றுத் தின்றிருந்தால் விளக்கு சில மாதங்களில் அணைந்திருக்கும்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரங்களில் தொழிற்சாலைகள் பெருகிய காலத்திலிருந்து, நிலக் கிரயமாகவோ நஷ்ட ஈடாகவோ பெருந்தொகையை ஒருசேரப் பெறும் குடும்பங்கள் இவ்வுண்மையை முக்கியமாக மனத்திற் கொள்ள வேண்டும். நிலம் இருந்தவரையில் அது மந்தை. விற்ற பணமும் மந்தையே. அதில் வீடு, வாகனம், கல்யாணம் என்று செலவழித்தபின் எஞ்சுவதை முதுமைக்கு வைப்பது தலைகீழான முறை. 60 வயதானவருக்கு அஞ்சலகத்திலும் பாங்குகளிலும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் உண்டு; மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி கைக்கு வரும். அதைவிட்டு, மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி தருவதாகச் சொல்வோரிடம் பணத்தைக் கொடுத்தால் வட்டியோடு முதலும் போகும். 2022-இல் வட மாவட்டங்களில் இத்தகைய ஆசை காட்டிப் பணம் திரட்டியோர் மீது பொருளாதாரக் குற்றப்பிரிவினர் வழக்குத் தொடர்ந்தது யாவரும் அறிந்ததே.

நிலத்தை விற்காமல் வைத்திருப்போருக்கும் ஓர் எச்சரிக்கை தேவை. விலைவாசி ஏறினால் நெல்லின் விலையும் குத்தகையும் காலப்போக்கில் ஏறுகின்றன. ஆகவே குடியானவரின் அகவிலைப்படி அவருடைய நிலமே எனலாம். அதனை அறுபது வயதிலேயே பிள்ளைகளுக்கு முழுவதும் எழுதிக் கொடுத்துவிட்டு, பின்னர் ஒரு வேளைச் சோற்றுக்கு மருமகளின் முகம் பார்த்து நிற்கும் பெரியோர் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. பிள்ளைகள் கெட்டவர்கள் என்று கொள்ள வேண்டுவதில்லை. அவர்களுக்கும் கடன், குழந்தைகளின் படிப்பு முதலிய பாரங்கள் உண்டு. எழுதிக் கொடுப்பதாயின், ஆயுட்கால அனுபவ பாத்தியத்தைத் தமக்கும் தம் மனைவிக்கும் நிறுத்திக்கொண்டு எழுதுவதே முறை. 2007-ஆம் வருஷத்துப் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி, பராமரிக்க வேண்டும் என்னும் நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பராமரிக்காதபோது ரத்துச் செய்யக் கேட்கலாம். கோட்டாட்சியர் முன்பு அதற்கு மனுச் செய்யலாம். ஆனால் அந்நிபந்தனை பத்திரத்தில் தெளிவாக எழுதப்பட்டிருத்தல் நலம். பத்திரம் எழுதும் நாளில் ஒரு வரி சேர்ப்பதற்குக் கூச்சப்பட்டால், பின்னால் அலைவது பல ஆண்டுகள் ஆகும்.

மரமும் ஒருவகைச் சேமிப்பே. நெட்டை ரகத் தென்னை ஆறு முதல் எட்டு ஆண்டுகளில் காய்ப்புக்கு வந்து, அறுபது ஆண்டுகளுக்கு மேலும் பயன் தருவது. நாற்பது வயதில் கிணற்றங்கரையிலும் வீட்டுக்கொல்லையிலும் இருபது தென்னை வைத்தவர், உடல் தளரும் காலத்தில் ஆள் வைத்துக் காய் பறித்தே கைச்செலவைச் சமாளிக்கலாம். நெல்லைப்போல் பருவந்தோறும் உழுவதும் நடுவதும் அதற்கில்லை. வயலில் முழுநேர உழைப்பைக் கேட்கும் பயிரிலிருந்து, குறைந்த உழைப்பில் பயன் தரும் மரப்பயிருக்கு நிலத்தில் ஒரு பகுதியை நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் மாற்றி வைப்பது, முதுமைக்கான சாகுபடித் திட்டம் எனலாம்.

கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் இவ்விஷயத்தில் கடமை உண்டு. சேர வேண்டிய வயதில் உள்ள இளம் குடியானவருக்கு 40 வயது கடக்குமுன் விஷயத்தைத் தெரிவிப்பது அவர்களால் எளிதில் ஆகும். முதியோர் உதவித்தொகை விண்ணப்பத்தில் வயதுச் சான்றோ வேறு விவரமோ குறைவாயிருந்தால், அதைத் திருப்பி அனுப்புமுன் என்ன குறை என்பதை மனுதாரருக்கு விளங்கச் சொல்ல வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிழவிக்கு ஒரு மாதத் தாமதம் என்பது 1,200 ரூபாய். நிலபுலனுள்ளவர் தமக்கு உரியதல்லாத உதவிக்கு மனுச் செய்வதைத் தடுப்பதும் அவர்கள் பொறுப்பே. ஏனெனில், தகுதியில்லாதவர் பெறும் ஒவ்வொரு தொகையும் தறிக்குழியிலிருந்து எழ முடியாத ஒரு முதியவரின் பங்கைக் குறைக்கிறது.

ஆகவே, சர்க்கார் உதவியா சொந்தச் சேமிப்பா என்று ஒன்றைத் தள்ளி ஒன்றைக் கொள்ள வேண்டுவதில்லை. ஏரிப் பாசனமும் கிணறும் உள்ள நிலத்துக்கே வறட்சியில் பயம் குறைவு. இல்லாதவருக்கு ஈவது சர்க்காரின் கடன். நிலமுள்ளவரோ, தகுதியுள்ள திட்டத்தில் சேர்ந்து கொண்டு, அதனை முழு ஆதாரமாகக் கொள்ளாமல், ஒவ்வொரு அறுவடையிலும் இருபதில் ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்கி, நிலத்தின் அனுபவ பாத்தியத்தைக் கடைசிவரை கைவிடாமல் இருப்பாராயின், முதுமையில் பிறர் தயவை எதிர்பார்க்கும் நிலை அவருக்குப் பெரும்பாலும் வாராது. வரும் அறுவடையின் கிரயம் கணக்கில் சேரும் நாளே இதனைத் தொடங்கத் தகுந்த நாள்.